"டீத்தூளை வைத்து என்ன வேலை கிடைக்கும்?"

குன்னூரிலிருந்து எழுதிய ஐயாவுக்கு,

உங்கள் பெண் பி.எஸ்சி. வேதியியல் கடைசி ஆண்டு. பி.எட். முடித்து டீச்சராகட்டும் என்கிறீர்கள் நீங்கள். அவரோ, கிரீன் டீயில் உள்ள பொருளை மாற்றியமைத்துப் புரோஸ்டேட் புற்றுநோய் செல்களில் சோதிக்கும் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறார். தலைப்பில் இருப்பது நீங்கள் கேட்ட கேள்விதான்.

கிரீன் டீயில் இ.ஜி.சி.ஜி. என்றொரு பொருள் உண்டு. ஆய்வகத் தட்டில் வளரும் புற்றுநோய் செல்களில் அதைச் சேர்த்தால் வளர்ச்சி குறைகிறது. ஆனால் நாம் குடித்தால் மிகக் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும். சேர்ந்ததும் சீக்கிரம் சிதைந்துவிடும். அதன் மூலக்கூறில், சிதைவுக்கு இடம் கொடுக்கும் 8 ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் இருக்கின்றன. எட்டுக்கும் அசிட்டைல் என்ற சிறு தொகுதியை மூடியாகப் போட்டு அனுப்பினால், செல்லுக்குள் இருக்கும் நொதிகள் மூடியைக் கழற்றிக்கொள்ளும். கியூ. பிங் டோ என்ற உயிரியலாளரும் டாக் ஹாங் சான் என்ற வேதியியலாளரும் சேர்ந்து வளர்த்த யோசனை இது. எலிகளில் புரோஸ்டேட் கட்டியின் வளர்ச்சியையும் இது குறைத்திருக்கிறது. மருந்துக்கடைக்கு வர இன்னும் வெகுதூரம்.

பெண்ணிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். 2006-ல் இத்தாலியில், புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 60 ஆண்களில் பாதிப் பேருக்குக் கிரீன் டீ கேட்டகின் (இ.ஜி.சி.ஜி.யும் அதன் இனப் பொருள்களும்) கொடுத்தார்கள். ஓராண்டில் அந்த 30 பேரில் ஒருவருக்கும், கொடுக்காத 30 பேரில் 9 பேருக்கும் புற்றுநோய் வந்தது. 2015-ல் வெளியான, இதே போன்ற அமெரிக்கச் சோதனையில் 97 பேர். அதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இரண்டாவது கதையும் தெரிந்தே ஆசைப்படுகிறார் என்றால், அந்த ஆசையை நான் நம்புவேன்.

சரி, வேலை. மூடி போடுவது ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. அதனால் பயோடெக்னாலஜிக்குத் தாவ வேண்டாம், ஐஐடி ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வை எழுதி எம்.எஸ்சி. வேதியியலே படிக்கட்டும். ஆராய்ச்சி ஒத்துவராவிட்டாலும் ஹைதராபாத், பெங்களூரு மருந்து நிறுவனங்களில் ஆர்கானிக் படித்தவர்களுக்கு வேலை உண்டு. இதே ஆசையோடு வேறு பாடத்துக்கு மாறிவிட்டு இரண்டுங்கெட்டானாக நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

செல் வளர்ப்பைக் கோடை விடுமுறை பிராஜெக்டில் பழகிக்கொள்ளலாம். பிசி-3, எல்என்கேப் என்ற புரோஸ்டேட் புற்றுநோய் செல் வகைகளின் பெயர்கள் அப்போது வாயில் வந்துவிடும். 37 டிகிரி இன்குபேட்டரில் இருக்கும் செல்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும். தீபாவளி என்று விட முடியாது. மாடு வளர்த்த வீட்டுக்கு இது புரியும்.

பணம்? சிஎஸ்ஐஆர்-நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி.க்கு ஐந்தாறு ஆண்டு ஆகும், நிரந்தர வேலைக்கு முப்பதைத் தாண்டலாம். வரன் பார்க்கும் பேச்சை அவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பி.எட்.டைப் பின்னாலும் படிக்கலாம். ஜாம் விண்ணப்பம் பொதுவாகச் செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில்.

கடிதத்தின் ஓரத்தில், உங்களுக்காகக் கிரீன் டீ மாத்திரை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். டீ குடியுங்கள். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்; தினம் 800 மில்லிகிராம் அளவுக்கு இ.ஜி.சி.ஜி. போனால் கல்லீரலுக்கு ஆகாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே எச்சரித்திருக்கிறது.