ஸ்பெயினில் கூட்டமில்லாமல், மலையும் ஓக் மரமுமாக நடக்க எங்கே போகலாம்? 60 வயது அம்மாவும் உடன் வருகிறார், நாங்கள் சைவம். சரிப்படுமா?

தாராளமாகச் சரிப்படும். சியெர்ரா தெ அராசேனாவுக்குப் போங்கள்.

தென் ஸ்பெயினில் உள்ள ஆண்டலூசியாவின் வடமேற்கு மூலையில், உவெல்வா மாகாணத்தில், போர்ச்சுகல் எல்லைப் பக்கமாக இருக்கும் மலைப்பகுதி அது. செவீயா (Seville) நகரின் பிளாசா தெ ஆர்மாஸ் நிலையத்தில் பேருந்து ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் அராசேனா ஊரில் இறங்கலாம். ஸ்பெயினில் நடை என்றாலே எல்லோரும் சந்தியாகோ யாத்திரைப் பாதையைத்தான் சொல்வார்கள். நல்ல பாதைதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது கூட்டமில்லாத இடம். செவீயாவில் வேலை பார்க்கிற எனக்கு விடுமுறை கிடைத்தால் கால் தானாக இந்த மலைக்குத்தான் போகும்.

உயரம் தேடுகிறவர்களுக்கு இது இடமில்லை. 1,000 மீட்டரைத் தாண்டும் உச்சிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இங்கே அழகே ஊருக்கு ஊர் நடப்பதில்தான் இருக்கிறது. வெள்ளையடித்த சின்னச் சின்னக் கிராமங்கள், பெரும்பாலும் ஐந்தாறு கிலோமீட்டர் இடைவெளியில். அவற்றை இணைப்பவை கோவேறு கழுதைகள் சுமை ஏற்றிப் போன பழைய பாதைகள். இருபுறமும் சுண்ணாம்போ சிமென்டோ இல்லாமல் அடுக்கிய கல் சுவர், அதன்மேல் பாசி, அதற்கு மேலே ஓக் கிளைகள். 1989இல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தப் பகுதியின் பரப்பு 1,80,000 ஹெக்டேருக்கு மேல்.

இந்த ஓக் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தெரிந்துகொண்டு நடந்தால் ஒவ்வொரு மரத்தையும் நின்று பார்ப்பீர்கள். இதைத் 'தெயேசா' என்கிறார்கள். காட்டுக்கும் தோப்புக்கும் நடுவிலான ஒன்று. தலைமுறை தலைமுறையாகப் புதரை வெட்டி, மரங்களை இடைவெளி விட்டு நிறுத்தி, கிளைகளைக் கழித்து மனிதர்கள் உருவாக்கிய நிலம். மரத்தடியில் புல், புல்லில் ஆடு, மாடு, பன்றி. இரண்டு வகை ஓக்தான் அதிகம் கண்ணில் படும். என்சினா என்பது சிறிய, தடித்த, பச்சை மாறாத இலை கொண்டது. இலையின் அடிப்பக்கம் சாம்பல் நிறமாக இருக்கும். இன்னொன்று தக்கை ஓக். அதன் பட்டைதான் ஒயின் பாட்டில் மூடி. முதல் பட்டையை உரிக்கவே மரத்துக்கு ஏறக்குறைய 25, 30 வயதாக வேண்டும். அதற்குப் பிறகு குறைந்தது 9 ஆண்டுக்கு ஒரு முறை. முதலில் வருவது கரடுமுரடான பட்டை, பாட்டில் மூடிக்கு ஆகாது. நல்ல மூடிக்கு மூன்றாம் உரிப்பு வரை காத்திருக்க வேண்டும். அப்படியானால் கன்று நட்டவர் பாட்டில் மூடியைப் பார்ப்பது அரிது, பேரன்தான் பார்ப்பான். கோடையில், மரத்தில் சாறு ஓடும்போதுதான் பட்டை கழன்று வரும். கோடரியால் கீறி, உள் தோலில் காயம் படாமல் பெயர்த்தெடுப்பது பழகிய கைகளுக்கு மட்டுமே வரும் வேலை. புதிதாக உரித்த மரத்தின் அடிப்பகுதி துருச் சிவப்பாகத் தெரியும். ஆண்டுகள் போகப்போகக் கறுக்கும்.

நவம்பர் வாக்கில் போனால் பன்றிகளைப் பார்க்கலாம். அக்டோபர், நவம்பரில் ஓக் கொட்டைகள் உதிரத் தொடங்கியதும் கறுத்த ஐபீரியப் பன்றிகளை மரத்தடியில் மேய விடுவார்கள். குளிர்காலம் முடியும்வரை மேய்ச்சல் நடக்கும். பக்கத்தில் போனால் முதலில் காதில் விழுவது ஓடு நொறுங்கும் சத்தம்தான். பன்றி கொட்டையை வாயில் போட்டு, உடைத்து, பருப்பைத் தின்றுவிட்டு ஓட்டைத் துப்பும். ஹபூகோ ஊரின் புகழ்பெற்ற 'ஹமோன்' என்னும் பதப்படுத்திய தொடைக்கறிக்கு ஆதாரமே இந்த மேய்ச்சல்தான். ஸ்பெயின் அரசின் 2014ஆம் ஆண்டு விதிப்படி, 'பெயோட்டா' (ஓக் கொட்டை) என்று முத்திரை குத்த வேண்டுமானால் பன்றி 60 நாளுக்குக் குறையாமல் மேய்ந்து குறைந்தது 46 கிலோ கூடியிருக்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு அதிகபட்சம் 1.25 பன்றி, மரம் குறைந்தால் அதுவும் குறையும். நாம் அந்தக் கறியைச் சாப்பிடப் போவதில்லை. ஆனாலும் மரங்களை வெட்டாமல் வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

பாதை பல இடங்களில் தனியார் நிலத்தின் வழியே போகும். மேய்ச்சல் மந்தைகள் போன பழைய பாதைகளை 1995ஆம் ஆண்டுச் சட்டம் பொதுச் சொத்தாகக் காக்கிறது. மற்றப் பொதுப் பாதைகளிலும் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் வழியில் கதவு இருந்தால் தயங்க வேண்டாம். சில கதவுகள் பழைய கட்டிலின் கம்பிச் சட்டம்தான். ஒரு பக்கம் கல் தூணில் கட்டி, மறுபக்கம் கம்பி வளையத்தைக் கொக்கியாக மாட்டியிருப்பார்கள். வளையத்தைத் தூக்கி, உள்ளே போய், மறுபடி மாட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். திறந்து கிடந்தால் திறந்தே இருக்கட்டும். இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: ஒரு கதவை மாட்டாமல் போனால், மந்தை கலந்து ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உழைப்பு வீண்.

வழி? அராசேனாவிலிருந்து லினாரெஸ் தெ லா சியெர்ரா, அங்கிருந்து லோஸ் மத்ரோஞ்ஞேரோஸ் என்ற குக்கிராமம் வழியாக அலாஹர், அலாஹரிலிருந்து மேலேறி காஸ்தாஞ்ஞோ தெல் ரோப்ளேதோ. இதுதான் என் விருப்பம். லினாரெஸில் வீட்டு வாசலுக்கு வாசல் தரையில் கூழாங்கல் பதித்து வட்டமும் பூவுமாகக் கோலமிட்டிருப்பார்கள். அம்மாவை அங்கிருந்து கிளப்புவது கடினம், சொல்லிவிட்டேன். அலாஹருக்கு மேலே நிற்கும் பாறைதான் பெஞ்ஞா தெ அரியாஸ் மொந்தானோ. ஆண்ட்வெர்ப் நகரில் அச்சான பன்மொழி பைபிளின் பதிப்பை மேற்பார்த்த பெனித்தோ அரியாஸ் மொந்தானோ (1527–1598) என்ற அறிஞர் ஒதுங்கி வாழ்ந்த இடம். மேலிருந்து பார்த்தால் தெற்கே மலை மடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக விரியும். காஸ்தாஞ்ஞோவை நெருங்க நெருங்க ஓக் குறைந்து கஷ்கொட்டை மரங்கள் கூடும். அங்கே கட்டி முடிக்காமலே விட்டுவிட்ட ஒரு பெரிய தேவாலயம் இருக்கிறது. நேரம் இருந்தால் அல்மோனாஸ்தெர் லா ரியால் ஊருக்கும் போங்கள். பத்தாம் நூற்றாண்டின் சிறிய மசூதி குன்றின்மேல் இன்னும் நிற்கிறது.

குறிகள் எளிது. வெள்ளை-சிவப்புக் கோடு நெடுந்தூரப் பாதை, வெள்ளை-மஞ்சள் குறுகிய பாதை, பெருக்கல் குறி போட்டிருந்தால் அது உங்கள் வழி அல்ல. பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும். ஸ்பெயினின் தேசிய வரைபட நிறுவனம் 'மாபாஸ் தெ எஸ்பாஞ்ஞா' என்று இலவசச் செயலி வைத்திருக்கிறது. விடுதி வைஃபையிலேயே வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். அவசர எண் 112.

மாதம் என்றால் ஏப்ரல், அல்லது அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை. ஏப்ரலில் ஹாரா புதர்களில் வெள்ளைப் பூ நிறைந்திருக்கும், அதன் இலை கையில் ஒட்டும். நவம்பரில் கஷ்கொட்டை இலை மஞ்சளாகிவிடும். கீழே விழுந்த கொட்டையைப் பொறுக்காதீர்கள், அது அறுவடை. மழைக்கும் தயாராகப் போங்கள், அட்லாண்டிக் மேகம் நேராக வந்து முட்டும் மலை இது. ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம் என்பதால் விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு வேண்டுகோள். இந்த ஓக் மரங்களை மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் அரித்துக்கொண்டிருக்கிறது. ஃபைட்டோஃப்தோரா சின்னமோமி என்று பெயர். வேரை அழுகச் செய்கிறது. இலைகள் உதிர்ந்து மொட்டையாக நிற்கும் மரங்களை வழியில் பார்ப்பீர்கள், மனது கனக்கும். மரக்கன்றுகளை மந்தை மேய்ந்துவிடுவதால் செத்த மரத்துக்கு மாற்று வருவதும் குறைவு. ஈர மண்ணோடு அந்தக் கிருமி பரவும். அதனால் சேற்றில் நடந்தால் ஷூவின் அடியைச் சுரண்டிக் கழுவிவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். இரண்டு நிமிட வேலை.

சாப்பாடு. பன்றிக்கறி ஊரில் சைவம் கஷ்டம், ஆனால் பட்டினி இல்லை. 'சைவம்' என்று மட்டும் சொன்னால் போதாது, ஹமோனைத் தூவித் தருவார்கள். 'சின் கார்னே, சின் ஹமோன்' (இறைச்சி இல்லாமல், ஹமோன் இல்லாமல்) என்று இரண்டையும் சொல்லுங்கள். தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் தடவிய ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், எண்ணெய் ஊற்றிய தக்காளி சாலட், மழைக்குப் பிறகு காளான். கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் சீரகம் போட்டுச் சமைத்தது கிடைத்தால் விடாதீர்கள். முட்டை சாப்பிடுவீர்களா என்று எழுதவில்லை. சாப்பிட்டால் உருளைக்கிழங்கு ஆம்லெட் எங்கும் உண்டு. பேக்கரி இனிப்புகளில் பல பன்றிக் கொழுப்பில் செய்தவை, கேட்டு வாங்குங்கள். மதியச் சாப்பாடு இரண்டு மணி வாக்கில்தான், இரவுச் சாப்பாடு ஒன்பது வாக்கில்தான். பையில் வேர்க்கடலையும் பழமும் இருக்கட்டும்.

அம்மாவுக்கு மூட்டுவலி இல்லையென்றால் லினாரெஸிலிருந்து அலாஹர் வரை நிதானமாக நடப்பார். கற்கள் மழையில் வழுக்கும், ஆகவே பிடிப்புள்ள ஷூவும் இரண்டு நடைக்கோலும் வாங்கிக் கொடுங்கள். அலாஹரிலிருந்து காஸ்தாஞ்ஞோ ஏற்றம் அவருக்கு வேண்டாம். பெஞ்ஞா பாறைக்கு வண்டி போகும் சாலை இருக்கிறது, விடுதியில் சொன்னால் டாக்ஸி பிடித்துத் தருவார்கள். அலாஹரிலேயே இரண்டு இரவு தங்கிவிடுங்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். வார இறுதியில் பேருந்து குறைவு, திரும்பும் நேரத்தை இறங்கிய அன்றே பார்த்துவைத்துவிடுங்கள்.