வீட்டில் கிம்லெட் (ஜின் என்ற மதுவில் செய்யும் காக்டெய்ல்) செய்ய பாட்டில் கார்டியல் (சர்க்கரை சேர்த்துப் பதப்படுத்திய லைம், அதாவது பச்சைத்தோல் எலுமிச்சைச் சாறு) அவசியமா, புதிதாகப் பிழிந்த சாறு போதுமா?

சாறு போதும், என்னைக் கேட்டால் அதுதான் சுவையும் கூட. பழைய முறையில் ஜின்னும் லைம் கார்டியலும் மட்டுமே. மதுவுக்குப் பதில் சர்க்கரை சேர்த்து லைம் சாற்றைப் பதப்படுத்தும் முறைக்கு லாக்லன் ரோஸ் 1867-இல் காப்புரிமை பெற்றார். லைம் கார்டியலின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு கிளாஸுக்கு ஜின் 60 மி.லி., பச்சைத்தோல் எலுமிச்சைச் சாறு 20 மி.லி., சர்க்கரைப் பாகு 20 மி.லி. பாகைக் காய்ச்சவே வேண்டாம். சம அளவு சர்க்கரையும் வெந்நீரும் கலந்து ஆறவிட்டால் சரி. சாற்றை அப்போதே பிழியுங்கள், நேரமானால் அதன் மணம் மங்கிவிடும். தோல் நசுங்கும்வரை பிழிந்தால் கசக்கும்.

முக்கியமான இடம் குலுக்குவது. ஷேக்கர் நிறைய பெரிய ஐஸ் கட்டிகளைப் போட்டு 15 விநாடியாவது பலமாகக் குலுக்குங்கள். ஐஸ் குளிர்விப்பதோடு கொஞ்சம் உருகி நீரும் சேர்க்கிறது. அந்த நீர் இல்லாவிட்டால் ஜின்னின் காரம் தூக்கலாக நிற்கும். தூள் ஐஸ் சட்டென்று உருகிச் சப்பென்றாக்கிவிடும். ஷேக்கர் இல்லையா? இறுக மூடும் கண்ணாடி ஜாடி போதும்.

அப்புறம், ஃப்ரீசரில் வைத்த கிளாஸில் வடிகட்டி உடனே குடியுங்கள். கார்டியலே பிடிக்கும் என்றால் சாறு, பாகு இரண்டையும் விட்டுவிட்டு கார்டியல் 25 மி.லி. சேருங்கள்.