குழந்தை பிறந்தபின் அன்றாட வாழ்க்கையில் சந்தோஷம் என்று எதுவும் மிஞ்சுகிறதா?

மிஞ்சுகிறது. ஆனால் முன்பு நீங்கள் எதையெல்லாம் சந்தோஷம் என்று வைத்திருந்தீர்களோ, அதில் அநேகமாக ஒன்றும் இருக்காது. "தூக்கம் போச்சு, சினிமா போச்சு, நண்பர்களும் கூப்பிடுவதில்லை, அப்புறம் என்னதான் இருக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். போனதெல்லாம் போனதுதான், அதை மறுக்கவில்லை. எங்கள் மகளுக்கு இது ஐந்தாவது மாதம். என் வரையில் சொல்கிறேன்.

முதல் இடம் ஏப்பத்துக்கு. பால் கொடுப்பது அவள் அம்மாவின் வேலை. ஏப்பம் வாங்குவது என் இலாகா. பாலோடு காற்றையும் சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள். அது வெளியேறாமல் படுக்கப் போட்டால் கக்கல், இல்லாவிட்டால் வயிறு உப்பி முறுக்கி அழுகை. ஆகவே நடுராத்திரியில் தோளில் ஒரு துண்டைப் போட்டு, பிள்ளையைச் சாய்த்து, முதுகைத் தட்டிக்கொண்டே ஹாலுக்கும் சமையலறைக்கும் நடப்பேன். சில நாள் உடனே வந்துவிடும். சில நாள் தெரு நாய் குரைத்து ஓய்ந்து, எதிர்வீட்டு மோட்டார் ஓடி நின்று, எனக்கே கண் செருகும்போதுதான் வரும். அதுவும் கல்யாணப் பந்தியில் மூன்றாம் தடவை பாயசம் வாங்கியவர் விடுவது மாதிரி. உள்ளேயிருந்து "வந்துடுச்சா?" என்று ஒரு குரல். "வந்துடுச்சு." சில ராத்திரிகளில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது அவ்வளவுதான். ஆனால் அந்த "வந்துடுச்சு"வைச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

அடுத்தது குளியல். முதல் மூன்று மாதம் மனைவி பாளையங்கோட்டையில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்தால் சனிக்கிழமை காலைக் குளியலுக்குப் போய்ச் சேரலாம். மனைவியின் ஆச்சி மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, கணுக்காலுக்கு மேலே பிள்ளையைக் குப்புறப் போட்டு, தேங்காயெண்ணெய் தேய்ப்பார். வெந்நீர் எடுத்துக் கொடுப்பது நான். "மாப்ள, கைய விட்டுப் பாக்காதிய, முழங்கைய முக்கிப் பாருங்க" என்றார் முதல் நாளே. உள்ளங்கைக்குச் சூடு பழகிப்போயிருக்கும், முழங்கைக்குத்தான் சரியாகத் தெரியும். செம்பில் மொண்டு மெதுவாக முதுகில் ஊற்றும்போது பிள்ளை ஒரு கணம் மூச்சைப் பிடித்து, அப்புறம் கால் விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கும். அந்த விரல்களைப் பார்ப்பதற்காகவே ரயில் ஏறலாம்.

மூக்கில் எண்ணெய் விடுவதும் ஊதுவதும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாம்பிராணிப் புகையும் பிள்ளை நெஞ்சுக்கு ஆகாது என்றார். எண்ணெயை ஆச்சி விட்டுக்கொடுத்தார். சாம்பிராணிக்குத்தான் பெரிய பஞ்சாயத்து. கடைசியில் பிள்ளை இல்லாத அறையில் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது. "ஒங்க டாக்டரும் இந்தப் பொகையில வளந்தவருதான்" என்ற முணுமுணுப்பு மட்டும் இன்றுவரை நிற்கவில்லை.

குளித்த பிள்ளை அடித்துப் போட்டாற்போல் தூங்கும். தூளி அசைவது நின்றதும் வீட்டில் எல்லோரும் ஊமைப் படம் ஓட்டுவார்கள். குக்கர் விசில் அடிப்பதற்குள் அடுப்பை அணைக்க ஒருவர் ஓடுவார். சூடாக ஒரு காபியை, சூடு ஆறுவதற்குள், உட்கார்ந்து குடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது தெரிகிறது.

சிரிப்பைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக. முதல் மாதத்தில் தூக்கத்தில் வருவது, ஆச்சி பாஷையில் "நரி வெரட்டுது". முகம் பார்த்துச் சிரிப்பது ஆறேழு வாரத்துக்கு மேல்தான். பிறந்த பிள்ளைக்கு 20, 30 சென்டிமீட்டர் தூரம்வரைதான் தெளிவாகத் தெரியுமாம். மடியில் கிடக்கும் பிள்ளைக்கும் குனியும் முகத்துக்கும் இடையே ஏறக்குறைய அதே தூரம். ஆகவே சிரிக்கவில்லையே என்று வாசற்படியில் நின்று ஏங்காதீர்கள். பக்கத்தில் போங்கள்.

அதே ஆறாவது வாரத்தில் தடுப்பூசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போனால் நமக்கென்று ஒரு ஊரே உட்கார்ந்திருக்கும். வாயில் சொட்டு மருந்து, அப்புறம் தொடையிலும் கையிலும் ஊசி. ஒன்று அலறியதும் இன்னும் ஊசி போடாததும் சேர்ந்து அலறும். பெஞ்சில் இருக்கும் அப்பாக்கள் எல்லோருக்கும் ஒரே முகம். முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம், "ராத்திரி காய்ச்சல் வரும் சார், பயப்படாதீங்க, சிஸ்டர் சொல்ற சொட்டு மருந்த அளவாக் குடுங்க" என்றார். அவர் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு அப்பா. காய்ச்சல் வந்தது, அவர் சொன்னபடியே மறுநாள் இறங்கியது.

இதிலிருந்து ஒன்று தெரிந்திருக்கும்: என் சந்தோஷங்கள் எல்லாம் வேலைகள். குளித்துப் பவுடர் போட்ட பிள்ளையை வாங்கி, கொஞ்சி, ஈரமானதும் திருப்பிக் கொடுக்கும் அப்பாக்களுக்கு இதெல்லாம் கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகம். முழுப் பழியும் அவர்கள் மேல் போட முடியாது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம் முதல், வேலைக்குப் போகும் அம்மாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு. மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள். தனியார் கம்பெனி அப்பாவுக்குச் சட்டத்தில் ஒன்றும் கிடையாது, மேனேஜர் மனசு வைத்தால் உண்டு.

இன்னொன்று. பிரசவமான பெண்ணிடம் போய் "இதையெல்லாம் அனுபவி" என்று சொல்லாதீர்கள். முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் அந்தச் சோர்வு விலகவில்லையென்றால் டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும்.

இந்தக் கேள்வியை மனைவியிடம் காட்டி, உனக்கு எது என்று கேட்டேன். ஏப்பமும் இல்லை, கால் விரலும் இல்லை. "சாயங்காலம் நீங்க புள்ளையத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போறீங்கல்ல, அந்த அரை மணி நேரம்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதை முக்கால் மணியாக்கியிருக்கிறோம்.