பதில்: சிவில் சீனியரா, பில்டர் கம்பெனியா?

தம்பி, பெங்களூரு சிட்டி சிவில் கோர்ட்ல ஜூனியரா இருக்கீங்க, பில்டர் கம்பெனி லீகல் வேலைக்குக் கூப்பிடுது, போகலாமான்னு கேட்டிருக்கீங்க. சம்பளம் ஆசை காட்டத்தான் செய்யும். ஆனா முழுநேரச் சம்பளத்துல சேர்ந்தா பார் கவுன்சில் விதி 49-படி பிராக்டிஸ் பண்ண முடியாது. ஆஃபர் லெட்டர்ல இதை யாரும் எழுத மாட்டாங்க.

என்னைக் கேட்டா, ஹைகோர்ட்டுக்குப் போற ரெண்டு ஆர்.எஃப்.ஏ.வாவது (ரெகுலர் ஃபர்ஸ்ட் அப்பீல், கீழ்க்கோர்ட் தீர்ப்பு மேல போடுற முதல் மேல்முறையீடு) முழுசா டிராஃப்ட் பண்ணிட்டுப் போங்க. அப்பீல் போடுற 90 நாள் கெடுவுக்குள்ள கீழ்க்கோர்ட் சாட்சியத்தை வரிவரியா படிச்சாகணும். டைட்டில், அதாவது சொத்து யாருக்குச் சொந்தம்னு பார்க்கிற கண்ணு அங்கேதான் திறக்கும்: பஹணியில (கர்நாடகாவோட நில உரிமைப் பதிவேடு) அப்பா பேரு, கிரயப் பத்திரத்துல ஒரே மகன் கையெழுத்து. அப்போ மகள்கள் கையெழுத்து எங்கேன்னு கேட்கத் தோணும். நிலம் வாங்குற பில்டருக்கும் அந்தக் கேள்விதான் வேணும். அப்படியே, கையெழுத்துக் கன்னடம் படிக்கவும் பழகிக்கோங்க. பழைய பத்திரம் பாதி அதுலதான் இருக்கும்.