பகா எண்ணுக்குப் பட்டா கிடையாது

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகன் 2⁶⁷ − 1 என்ற 21 இலக்க எண்ணை 1000 வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துவிட்டான். எதற்கும் மீதியில்லாமல் போகவில்லை. புதிய பகா எண், காப்புரிமை எடுத்தால் வங்கிகள் வாங்கும் என்று ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரர் 18,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, குழித்துறை)

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். அது பகா எண்ணே இல்லை. 19,37,07,721-ஐ 7,61,83,82,57,287-ஆல் பெருக்கினால் அந்த எண் வரும். சின்னக் காரணியே 19 கோடிக்கு மேல் என்பதால் 1000 வரை வகுத்தது ஒன்றுக்கும் ஆகாது. பையனைத் திட்டவும் வேண்டாம். மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் இதைப் பகா எண் என்றுதான் எழுதினார். காரணிகளைப் போட்டுக் காட்ட 1903-இல் கோல் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் வரவேண்டியிருந்தது.

அடுக்கில் உள்ள 67 பகா எண்தானே என்று பையன் கேட்பான். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடை நிச்சயம் பகு எண். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்ணாகும் என்று உறுதியில்லை. 11-ஐப் பாருங்கள். 2¹¹ − 1 என்பது 2047. அது 23 × 89. 3, 5, 7 மூன்றுக்கும் சரியாக வந்ததால் 11-க்கும் வரும் என்று நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 13-க்கு மறுபடி பகா எண் வரும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இந்த வகை எண்ணுக்குச் சரியான சோதனை லூகாஸ்–லெமர் முறை. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கில் இரண்டு குறைவாக அத்தனை சுற்று. 31-க்கு (2⁵ − 1) மூன்று சுற்று: 14; பிறகு 194, மீதி 8; பிறகு 62, மீதி 0. கடைசியில் 0 வந்தால் பகா எண். 2⁶⁷ − 1-க்கு 65 சுற்று, பைத்தான் நிரல்மொழியில் கண்மூடித் திறக்கும் நேரம். எக்செலில் போடாதீர்கள். அது 15 இலக்கத்துக்கு மேல் எதையும் சரியாக வைத்திருக்காது, மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும்.

இனி காப்புரிமை. மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு வாங்கலாம், எண்ணுக்கு ஒன்றும் வாங்க முடியாது. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணித முறைகளை வெளியே தள்ளிவிட்டது. தனிநபர் இணையத்தில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். பணம் கட்டிய யாருக்கும் ஒரு விண்ணப்ப எண் வரும். அதை பிரேம் போட்டு ‘காப்புரிமைச் சான்று’ என்று நீட்டுவார்கள். பள்ளிக் கண்காட்சியில் நடுவர்கள் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள், கணக்கைச் சரிபார்க்க எவருக்கும் நேரமில்லை. இந்த வியாபாரம் அதில்தான் ஓடுகிறது.

வங்கி வாங்கும் என்பது சுத்தப் பொய். ஊரறிந்த எண்ணில் ரகசியம் ஏது? தகவலை ரகசியமாகப் பூட்டிவைக்க வேண்டிய 300 இலக்கப் பகா எண்களை வங்கிகளின் கணினியே அவ்வப்போது உருவாக்கிக்கொள்ளும்.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, அதுவரை தெரிந்ததில் மிகப் பெரிய பகா எண் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. அதற்கு 4,10,24,320 இலக்கம். அதைத் தேடிய ஜிம்ப்ஸ் கூட்டு முயற்சியில் சேரக் கட்டணம் இல்லை, மென்பொருளும் இலவசம். தரகர் எதற்கு?

பையனிடம் முதலில் 2⁶¹ − 1-ஐ இதே முறையில் போடச் சொல்லுங்கள். 59-ஆவது சுற்றில் 0 வர வேண்டும். வராவிட்டால் பிழை அவன் எழுதிய நிரலில்.