62 கிலோ எடையில் கல்லீரல் கொழுப்பு எப்படி?

62 கிலோதான் இருக்கும் எனக்குக் கல்லீரலில் கொழுப்பு எப்படி வரும் என்று கேட்டிருந்தீர்கள். வரும். ஒல்லியான உடம்பிலும் கல்லீரலில் கொழுப்பு சேரும். உங்கள் எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 6.1 என்று சற்று உயர்ந்திருப்பதற்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பு உண்டு. எடை இயந்திரம் கிலோவைத்தான் காட்டும், கொழுப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பதைக் காட்டாது.

தோலுக்கடியில் இடம் போதாதபோது, மிஞ்சிய கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய் ஒதுங்குகிறது. அப்படிப்பட்ட கல்லீரல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது. நீங்கள் தூங்கும்போதும் சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இரவு இரண்டே இட்லியோடு நிறுத்தியும் காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு இது குறைந்த எடையிலேயே நேர்கிறது.

நாளைக் காலை இடுப்பை அளந்து பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, வயிற்றை எக்காமல், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். பேண்ட் அளவை நம்பாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே நிற்கும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் வயிற்றுக்குள் கொழுப்பு இருப்பதாகவே கொள்ளுங்கள். இரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 150-க்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

இன்னொன்று: மது, ஸ்டீராய்டு மாத்திரை இவற்றாலும் கல்லீரலில் கொழுப்பு படியும். இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.