பசுமை வீடு என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கலாமா?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஃபிளாட்டைப் பார்த்திருக்கிறோம். “சான்றிதழ் பெற்ற பசுமைக் கட்டடம், கரண்ட் பில் பாதியாகும்” என்று சதுர அடிக்கு 300 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். ஹாலின் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. மின்சாரம் மிச்சப்படும்படி கட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாமே?
– வாசகி, மாரத்தஹள்ளி

பதில்: இருக்கிறது. எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம், 2023 ஜனவரி 1 முதல் குடியிருப்புகளையும் சேர்த்துக்கொண்டது. இணைப்புச் சுமை, அதாவது இணைத்துள்ள மின்சாதனங்களின் மொத்தத் திறன், 100 கிலோவாட்டைத் தொடும் கட்டடங்களுக்கு அது பொருந்தும். பெரிய அடுக்ககங்கள் எளிதில் தாண்டிவிடும் அளவுதான். ஆனால் அமலாக்கம் மாநில அரசின் கையிலும் உள்ளாட்சியின் கையிலும் இருக்கிறது. டில்லியில் சட்டம் வந்ததும் ஒயிட்ஃபீல்டில் சுவர் குளிர்ந்துவிடாது.

பில்டர் காட்டும் சான்றிதழ் வேறு சங்கதி. ஐ.ஜி.பி.சி., கிரிஹா போன்றவை பில்டர்கள் விருப்பப்பட்டு வாங்கும் பசுமைக் கட்டட மதிப்பீடுகள். கட்டி முடியாத திட்டத்துக்குக் கையில் இருப்பது வரைபடத்தைப் பார்த்துத் தந்த முன்சான்றிதழாகவே இருக்கும். இறுதிச் சான்றிதழ் எப்போது வரும் என்று கேளுங்கள்.

உங்கள் கண்ணாடிச் சுவருக்கு வருவோம். குடியிருப்புகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த 2018-இல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா விதித்தொகுப்பின்படி, கூரை நீங்கலாகச் சுவர், ஜன்னல் வழியே உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கை ஆர்.இ.டி.வி. என்பார்கள், பில்டரின் ஆர்க்கிடெக்ட்டிடம் கேட்டு வாங்கலாம். ஆனால் அது கட்டடம் முழுவதற்குமான சராசரி. வடக்குப் பார்த்த வீடுகளின் குளிர்ச்சியில் உங்கள் ஹாலின் வேக்காடு கணக்கிலிருந்து மறைந்துவிடும்! மாலை நான்கு மணிக்குப் போய் நின்று பாருங்கள். கண்ணாடிக்கு மேல் சன்ஷேடு உண்டா, எத்தனை பலகைகள் திறக்கும் என்று கவனியுங்கள். பெங்களூரு போன்ற மிதமான தட்பவெப்ப ஊர்களில் திறக்கக்கூடிய பரப்பு, தரைப்பரப்பில் 12.5 சதவீதமாவது வேண்டும் என்கிறது அதே தொகுப்பு.

பில் பாதியாகும் என்பதை நான் நம்பவில்லை. ஏ.சி. இல்லாத வீட்டில் பில்லை ஏற்றுவது பெரும்பாலும் கீசர். எந்தச் சுவரும் அதைக் குறைக்காது. விளம்பரத்தையும் விலைப்பட்டியலையும் பத்திரப்படுத்துங்கள். விளம்பரத்தில் உள்ள பொய்த் தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டால் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இழப்பீடு கேட்கலாம். அந்தக் காரணத்தால் திட்டத்திலிருந்து விலகினால் வட்டியோடு பணம் திரும்பக் கிடைக்கும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க 13-ஆம் பிரிவு அனுமதிக்கவில்லை. அந்த ஒப்பந்தத்தில் கண்ணாடியின் தரம், இறுதிச் சான்றிதழ் இரண்டையும் எழுதித் தர மறுத்தால் 300 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.